பட்டம் வாங்காத கை

பிப்ரவரி 4, ஞாயிறு

என் மூத்த மகன் வயிற்றுப் பேத்தி பெர்னத்தா அயர்லாந்தில் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கே அவள்தான் பொறுப்பு. அவள் தம்பி ஜெரால்டுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. போன வருடம் மட்டும் இரண்டு தடவை சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மகள் வயிற்றுப் பேத்தி சகாய ஷர்மி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல், இப்போது கோயம்புத்தூரில் பார்மசி படிக்கிறாள். அவள் தங்கை ஆன்சி ஓட்டப்பந்தயத்தில் கப் வாங்கிப் பேப்பரிலேயே வந்துவிட்டாள். இளைய மகனின் பையன் வின்னரசு மறைக்கல்வித் தேர்வில் மறைமாவட்டத்தில் இரண்டாவது. முதலாவது வந்தது கன்னியர் மடத்திலேயே வளர்கிற பிள்ளை. அதை நாம் சேர்க்க வேண்டியதில்லை.

இந்த டைரி பெர்னத்தா அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டது. பாட்டி எழுதி வைக்கட்டும், லீவுக்கு வரும்போது படிக்கிறேன் என்றாளாம். ஜனவரி மாதம் எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. இன்று நடந்தது.

பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் கில்பர்ட் சாமி பூசையில் ஓர் அறிவிப்பு கொடுத்தார். அவருக்கு நம் கோவில் போக ஐந்து கிளைக் கோவில்கள். "கோவில் என் வீடு இல்ல, உங்க வீடு. வீட்டு வேலைய விருந்தாளியா பாப்பான்?" என்று கேட்டார். இனிமேல் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஒவ்வோர் அன்பியக் குழுவிலிருந்தும் ஒருவர், ஆணோ பெண்ணோ, பூசையில் சாமியோடு நின்று நன்மை, அதுதான் நற்கருணை அப்பம், கொடுக்க வேண்டுமாம். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோக வேண்டுமாம். யார் என்பதை அந்தந்த அன்பியத்து வீடுகளே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் மோனிக்கம்மாள் அன்பியத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? செபமாலைக்குத் தலைச்செபம் சொல்வது நான். பீடத்துணி துவைத்துக் கஞ்சி போடுவது நான். ஐந்தாம் வகுப்புதான் என்றாலும் மாதா மன்றாட்டுமாலையைப் புத்தகம் பார்க்காமல் சொல்வதும் நான். எனக்கு ஆசை என்று இல்லை. கேட்டால் எப்படி மறுப்பது?

பிப்ரவரி 6, செவ்வாய்

வெள்ளைச் சேலையை நீலம் போட்டு அலசினேன். இளைய மருமகள் அமலி சந்தைக்குப் போயிருந்த நேரம், பொரிக்காத அப்பளத்தைச் சின்னச் சின்ன வட்டமாகக் கத்தரித்துக் கண்ணாடி முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "கிறிஸ்துவின் உடல்." குரல் நன்றாகத்தான் வருகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் லேசாக நடுங்குகின்றன. அப்பளத்தில் உப்பு அதிகமா என்று பார்ப்பதற்குத்தான் கத்தரித்தேன் என்று, திரும்பி வந்த அமலியிடம் சொன்னேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

மிக்கேல் வாத்தியார் வீட்டில் அன்பியக் கூட்டம். அவர்தான் எங்கள் அன்பியத் தலைவர். பாட்டு, வாசகம், மன்றாட்டு எல்லாம் முடிந்து, "யாரைப் போடலாம், சொல்லுங்க" என்றார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"வியாகுலத்தக்காவப் போடுங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

வியாகுலம் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள். எனக்கு நாத்தனார் முறை. அடுத்த தெருவில் இருக்கிறாள். கருவாட்டுக் கூடையைச் சுமந்து ஊர் ஊராக விற்பவள். கூட்டத்துக்கே பிந்தி வந்து வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கா? ஏட்டி, வெளாடாதிய" என்று சிரித்தாள். "நான் கருவாட்டுக்காரி. இந்தா, பிரகாசி மைனி இருக்காவல்லா?" என்று என்னைக் காட்டினாள்.

என் பக்கத்தில் இருந்தவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். மிக்கேல் வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வியாகுலம்னா சம்மதம்கிறவிய கையத் தூக்குங்க" என்றார்.

எல்லாக் கையும் மேலே போயிற்று. அமலியின் கையும். கண்ணாடி வளையல் சரிந்து முழங்கை வரைக்கும் வந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பிப்ரவரி 10, சனி

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். இன்று ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான். வியாகுலம் மறைமாவட்ட மையத்துக்குப் பயிற்சிக்குப் போய்விட்டாளாம். பஸ் ஏற்றிவிட ஒரு கூட்டமே போனதாம். ரோமாபுரிக்கா போகிறாள்?

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அமலியிடம் கேட்டேன். "ஏன் தூக்குன?"

"என்னத்த அத்தை?"

"கைய."

அவள் கீரைக் காம்பைக் கீழே வைத்தாள். "அத்தை, எங்க அம்மை படுக்கையில கெடந்தப்ப, கருவாட்டுக் கூடைய எறக்கி வச்சிட்டுத் தெனமும் வந்து தல சீவி விட்டது அவியதான். புண்ணுக்கு மருந்து போட்டது அவியதான். நீங்க..."

"நான் என்ன?"

"நீங்க செபமாலை சொன்னிய."

செபமாலை சொல்வது குற்றமாக எப்போது ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. கீரைக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். ஒருசந்திதானே என்று அப்படியே சாப்பிட்டோம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பூசையில் வைத்து அவளையும் மற்ற அன்பியத்துக்காரர்களையும் சாமி ஆசீர்வதித்தார். வியாகுலம் வெளிர்நீலச் சேலை கட்டியிருந்தாள். வெள்ளை இல்லை. அவளிடம் வெள்ளைச் சேலை இருக்காது.

நன்மை நேரத்தில் இரண்டு வரிசை. ஆண்கள் பக்கம் சாமி, பெண்கள் பக்கம் இவள். நான் ஆண்கள் பக்கம் போய்ச் சாமி வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர் இருக்கும்போது அவர் கையிலிருந்த பாத்திரம் தீர்ந்துவிட்டது. அவர் புன்னகையோடு எங்களை மற்ற வரிசைக்குக் கைகாட்டினார். முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். வியாகுலம் என்னைப் பார்த்துவிட்டாள். அப்பம் ஒன்றை எடுத்துக் கையில் பிடித்தபடி எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

முழங்கால் வலி எடுத்ததால் நான் என் இடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது ஆளாளுக்கு அவள் புராணம். "வியாகுலத்தக்கா கையில நன்மை வாங்கும்போது கண்ணுல தண்ணி வந்துட்டு" என்றாள் ஒருத்தி. எனக்குப் பொறுக்கவில்லை. சத்திய வேதத்துக்காகத்தான் பேசினேன், வேறெதற்கும் இல்லை.

"குருப்பட்டம் வாங்காத கையில நான் நன்மை வாங்க மாட்டேன். அதுவும் கருவாட்டுக் கையில."

குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பினால் வியாகுலம் கூடையோடு பின்னால் நிற்கிறாள். எப்போதும் ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவள், குனிந்து தன் கையைப் பார்த்தாள். தண்ணீர் பிடிக்காமலே போய்விட்டாள்.

மனதில் இருந்ததைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. குடம் கனத்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

விடியக்காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து டவுன் கோவிலுக்குப் பூசைக்குப் போனேன். அமலியிடம் கண் ஆஸ்பத்திரி என்று சொன்னேன். அந்தக் கோவிலில் நன்மை கொடுக்க மூன்று வரிசை. ஒன்றில் ஒரு சிஸ்டர், ஒன்றில் பேண்ட் சட்டை போட்ட ஒரு மனிதர். மூன்றாவதில்தான் சாமி. மூன்று வரிசையையும் குறுக்கே கடந்து சாமியிடம் போய் வாங்கினேன். ஒரு அம்மாள் "இந்தா, பெரியாளு, வரிசை தெரியாதா?" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கும்போது படி வழுக்கியது. மற்றவர்கள் எல்லாரும் அதே படியில்தான் இறங்கினார்கள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

வலது கணுக்கால் எலும்பில் விரிசல். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. ஈஸ்டர் பாஸ்கா கழிந்துதான் பிரிப்பார்களாம். "கண் ஆஸ்பத்திரியில காலை எப்படி ஒடச்சாவ?" என்று என் மகன் கேட்டான். அமலி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்குக் கால் கவலை இல்லை. சின்ன வயதில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து பாஸ்கா நன்மையை நான் ஒரு வருடம்கூட விட்டதில்லை. பெர்னத்தா அப்பா பிறந்த மூன்றாம் நாள் பாஸ்கா. அன்றைக்கும் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் வாங்கினேன். என்னைத் தூக்கிப் போகவும் வழி இல்லை. எங்கள் மேட்டுத் தெருவுக்கு ஆட்டோ ஏறாது. சாமிக்கு அன்று ஆறு கோவில். நற்கருணை வீட்டுக்கு வரவேண்டுமானால் ஒரு கையில்தான் வரும்.

மார்ச் 3, ஞாயிறு

அந்தக் கை வந்தது. கழுத்தில் சிறிய துணிப்பை; அதற்குள் நற்கருணைச் சிமிழ். வழியில் யாரிடமும் பேசாமல் வந்தாளாம்; நற்கருணை கொண்டுபோகும்போது பேசக் கூடாது என்பது சட்டம். குழாயடியைத் தாண்டி வியாகுலம் வாய் திறக்காமல் வந்தாள் என்பதை யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஜன்னல் வழியாக நானே பார்த்தேன்.

"நான் இப்பந்தான் இட்லி தின்னேன்" என்றேன். நன்மைக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது அல்லவா?

"சீக்காளிக்கு அந்தச் சட்டம் இல்ல மைனி. பயிற்சியில சொன்னாவ."

இதையெல்லாம் வேறு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "நான் பாவசங்கீர்த்தனம் செய்யல" என்றேன்.  சிமிழுக்கு முன்னால் முழங்காலிட்டுச் சிலுவை போட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 8, வெள்ளி

சாமி புல்லட்டில் வந்தார். பாவசங்கீர்த்தனம் செய்தேன். நான் என்ன சொன்னேன் என்பதையும், அவர் என்ன அபராதம் கொடுத்தார் என்பதையும் எழுதக் கூடாது. அவர் எழுந்து ஜன்னல் வழியாகக் குழாயடியைப் பார்த்தார் என்பதை மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முடிந்ததும், "சாமி, நன்மை?" என்றேன்.

"ஞாயித்துக்கிழம வியாகுலம்மா கொண்டு வருவாங்க."

"எனக்கு உங்க கையில வாங்குனாத்தான் சாமி திருப்தி."

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நகத்தில் கறுப்பாக மை. "வழியில செயின் கழண்டுட்டு, மாட்டிட்டு வாரேன். என் கையும் இப்படித்தான்மா இருக்கு" என்றார். பிறகு அமலி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "காபி ஜோரு" என்று சொல்லிக் கிளம்பினார். சாமியாரைப் போலவே இல்லை.

மார்ச் 9, சனி

இன்றிலிருந்து தினமும் ஒரு பெயருக்காக மூன்று அருள்நிறை மரியே சொல்ல வேண்டும். யார் பெயர் என்பது இங்கே வேண்டாம். முதல் அருள்நிறை பாதியில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன்.

மார்ச் 10, ஞாயிறு

அவள் வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். "மைனி" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். மின்விசிறிக் காற்றில் விலகிய போர்வையை இழுத்து என் காலை மூடினாள். "தூங்கட்டும், வலியில கெடக்கா" என்று அமலியிடம் மெதுவாகச் சொன்னாள். நீலச் சேலையில் ஓரத்தில் ஒரு தையல் விட்டிருக்கிறது.

தூங்கிக்கொண்டிருந்ததால் வேறொன்றும் தெரியாது.

மார்ச் 17, ஞாயிறு

வந்தாள். தூங்கினேன். போனாள்.

மார்ச் 21, வியாழன்

அந்தப் பெயரைச் சொல்லிச் செபிக்கும்போது இப்போது தண்ணீர் தேவைப்படவில்லை. ஆனால் வாசலில் போகிற வருகிற பெண்கள் எல்லாம் "வியாகுலத்தக்கா எங்க வீட்டுக்கு வந்தாவ, வாசகம் வாசிக்கும்போது எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிச்சாவ, அதுவே கேக்க நல்லாருந்துச்சு" என்கிறார்கள். எழுத்துக் கூட்டுவது எப்படி நன்றாக இருக்கும்? நான் கடகடவென்று வாசிப்பேனே, அது ஒருத்தர் காதிலும் விழவில்லையா?

மார்ச் 24, குருத்து ஞாயிறு

அமலி எனக்கும் ஒரு குருத்தோலை வாங்கி வந்தாள். அதைச் சிலுவையாக மடித்துக்கொண்டிருந்தபோது வியாகுலம் வந்துவிட்டாள். தூங்குவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

"காய்ச்சலா இருக்கு" என்றேன்.

அவள் சிமிழைக் கழற்றி மாதா படத்துக்கு முன்னால் வைத்து முழங்காலிட்டு எழுந்தாள். பிறகு என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினாள். நற்கருணை இருக்கும் இடத்தில் சத்தம் போடக் கூடாது என்று அப்போதும் அவளுக்கு நினைப்பு இருந்தது.

"என்னை ஏசணும்னா ஏசு மைனி. நாளைக்கு வாரேன், பொழுது அடையுற வரைக்கும் ஏசு, கேட்டுக்கிடுதேன். சிமிழுக்குள்ள இருக்க இவர ஏன் வாசல்ல நிப்பாட்டுத? இவரு ஒன்ன என்ன செஞ்சாரு?"

நான் ஓலையை மடித்தேன்.

"நான் இந்த வேலைய கேட்டா வாங்குனேன்? ஒன் பேரத்தானே சொன்னேன்? நீ என் கைய சொன்ன அன்னையில இருந்து சனிக்கெழம யாவாரத்துக்கே போவல தெரியுமா. எலுமிச்சம்பழத்த அறுத்து அறுத்துத் தேய்க்கேன். இங்க பாரு."

கையை நீட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. நான் பார்த்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

"இனி நான் வந்து ஒன்னப் பொய் சொல்ல வைக்க மாட்டேன். அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? பாஸ்கா அன்னைக்குப் பூச முடிஞ்சி இந்தத் தெரு வழியாத்தான் வருவேன். நற்கருணை வேணும்கிற வீட்டுல வாசல்ல மெழுகுவர்த்தி பொருத்தி வச்சிருப்பாவ. ஒன் வாசல்ல இருந்தா உள்ள வாரேன். இல்லன்னா நேரா போயிருவேன். அதுக்காவ ஒம்மேல கோவமா இருக்கேன்னு நெனைக்காத."

ஓலைச் சிலுவை ஒரு பக்கம் நீளமாக, கோணலாக வந்தது.

மார்ச் 28, பெரிய வியாழன்

மாலையில் எல்லாரும் கோவிலுக்குப் போய்விட்டார்கள். சாமி பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவினாராம். எப்போதும் ஆண்கள்தான், இந்த வருடம் பாதிப் பேர் பெண்கள். வியாகுலம் அந்தப் பன்னிரண்டில் இல்லையாம். தண்ணீர்ச் செம்பு பிடித்துக்கொண்டு சாமி பின்னாலேயே போனாளாம். எல்லாம் வின்னரசு வந்து சொன்னான். நான் கேட்கவில்லை. வியாகுலம் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று மட்டும் கேட்டேன்.

மார்ச் 30, சனி

காலையில் அமலி பாஸ்காவுக்கு வீடு கழுவினாள். "அத்தை, நாளைக்கு வாசல்ல மெழுகுவர்த்தி வைக்கட்டா?" என்றாள்.

"நான் சொன்னனா?" என்றேன்.

மார்ச் 31, பாஸ்கா

பூசை முடிந்து மணி அடித்த சத்தம் கேட்டது. அமலி கோவிலிலிருந்து வந்து கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே பார்த்தேன். தெருவில் இரண்டு வீட்டு வாசலில் மெழுகுவர்த்தி. வெயிலில் சுடர் தெரியவில்லை. மெழுகு உருகி இறங்குவதுதான் தெரிந்தது. முதல் வீட்டுக்குள் வியாகுலம் போனாள். வெளியே வந்தாள். இரண்டாவது வீட்டுக்குள் போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

"அமலி, ஒரே இருட்டா இருக்கு. ஒரு மெழுகுவர்த்தியப் பொருத்து" என்றேன்.

"பட்டப்பகலா இருக்கு அத்தை."

"எனக்கு இருட்டா இருக்கு."

அவள் மெழுகுவர்த்தியைப் பொருத்திக் கட்டில் பக்கம் கொண்டுவந்தாள். "இங்க வைக்காத, போர்வையில பட்டுரும். வாசப்பக்கம் வை" என்றேன். அமலி என்னைப் பார்த்தாள்.  வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே மேசையில் வெள்ளைத் துணி விரித்தாள். நல்ல மருமகள்தான், கை தூக்குவது ஒன்றுதான் கெட்ட பழக்கம்.

வியாகுலம் வாசலில் நின்றுவிட்டாள். மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே வந்து சிமிழை வெள்ளைத் துணியில் வைத்தாள். வாசகப் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து, கல்லறைக்குப் பெண்கள் போன கதையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "கல்... லறை வா... யிலி... லிருந்து" என்ற இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். "கல்லறை வாயிலிலிருந்து கல்லை நமக்கு யார் புரட்டுவார்?" என்று நான் படுத்தபடியே முடித்தேன். எனக்குத் தெரியும் அல்லவா?

"இனி நீயே வாசி மைனி" என்று புத்தகத்தை என் மடியில் வைத்தாள். மிச்சத்தை நான் வாசித்தேன். ஏனோ கடகடவென்று வரவில்லை.

நான் நாக்கில்தான் வாங்குவேன். "கிறிஸ்துவின் உடல்" என்றாள். அவள் விரலும் நடுங்கியது. "ஆமென்" என்றேன். எலுமிச்சை வாசனை அடித்தது. வேறு எந்த வாசனையும் இல்லை.

சிமிழை மூடித் துணிப்பைக்குள் வைத்தாள். பிறகு அவள், "யாருக்காவ மன்றாடணும்?" என்று கேட்டாள். பயிற்சியில் கேட்கச் சொன்னார்களாம். நான் பெர்னத்தாவிலிருந்து தொடங்கினேன். வார்டு பொறுப்பு, ஜெரால்டு சம்பளம், ஷர்மி பள்ளிக்கூடத்திலேயே முதல், ஆன்சி கப்...

"மார்க்கெல்லாம் அவருக்குத் தெரியும் மைனி. பேர மட்டும் சொல்லு" என்றாள்.

பேரை மட்டும் சொன்னேன். வெறும் பேராகச் சொல்லும்போது, பிள்ளைகள் எல்லாம் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் செபித்தாள்.

அமலி காபி கொண்டுவந்தாள். வியாகுலம் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "இது யாரு, புதுநன்மை கவுனோட?" என்றாள்.

"அதான் பெர்னத்தா."

"எட்டி எத்தன வருசமாச்சி! இப்ப எப்பிடி இருப்பா?"

நான் காபியை ஆற்றினேன். போனில் முகம் ஒரு நிமிடம் வரும், நடுங்கும், போய்விடும். "அழகா இருப்பா" என்றேன்.

அவள் இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்து ஒரு போட்டோ எடுத்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற அவள் பேரன். போன மாதம் எடுத்து அனுப்பினானாம். மீசை வைத்துச் சிரிக்கிறான். "செபிக்கும்போது மொகத்தப் பாத்துக்கிடுவேன்" என்றாள். போட்டோவைச் சேலையில் துடைத்துப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

பனியன் கம்பெனிதான். ஆனாலும் அனுப்பியிருக்கிறான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வீட்டில் தேங்காய் எண்ணெய் மிஞ்சிப் போயிருந்தது. கெட்டுப் போகுமே என்று ஒரு குப்பி அடைத்து, கையில் தேய்க்கச் சொல்லி, அமலியிடம் வியாகுலத்துக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு வரும்போது வாசகத்தை நானே முழுவதும் வாசிப்பேன் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கட்டுப் பிரித்ததும் அவளோடு மற்ற வீடுகளுக்கும் போய் வாசிக்கலாமா என்று சாமியிடம் கேட்கச் சொன்னேன். அவள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் சீக்காளிகளுக்குப் பொழுது அடைந்துவிடும்.

பெர்னத்தா, நீ லீவுக்கு வருகிறவரை காத்திருக்க முடியாது. இந்தப் பக்கத்தை அமலி உனக்குப் போனில் அனுப்புவாள். புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், போனில் வந்தால் அமலி காட்டும்போதுதான் எனக்குப் பார்க்கக் கிடைக்கும். அந்த நர்ஸ் உடுப்போடு, முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி, தலையை ஒழுங்காகச் சீவி எடு. இரண்டு பிரதி அனுப்பு. ஒன்று எனக்கு. ஒன்று உன் பேரைச் சொல்லிச் செபிக்கிறவளுக்கு. அவள் பையில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. உன்னுடையது அதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும்.